கரடி போட்ட சிவப்பு வலை

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்த அன்று என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. தம்புள்ளைப் பக்கமிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வேன் வரும் என்றார்கள். வாசலுக்குப் போய்ப் பார்ப்பேன். திரும்பி வந்து டீவி முன்னால் நிற்பேன். அம்மாவின் பையைத் தொடுவேன். மறுபடி வாசல்.

"சும்மா நில்லுடி, தல சுத்துது" என்றார் அப்பா.

டீவியில் சிங்களக் காட்டூன். ஒரு கரடி சமைக்கும். உலகத்தில் இல்லாததையெல்லாம் சட்டியில் போடும். மேகத்தைப் பிழிந்து பால் எடுக்கும். அன்றைக்கு ஒரு மஞ்சள் பழத்தைப் பிளந்தது. உள்ளே கறுப்புக் கொட்டை, அதைச் சுற்றிச் சிவப்பு வலை. வலையை உரித்துக் கைநிறையச் சூப்பில் போட்டது. குடித்த நரிக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. வீட்டை விட்டுப் போக முடியவில்லை.

"சும்மா படம் கீறுறாங்க. அப்பிடி ஒரு பழம் எங்கயும் இல்ல" என்றான் அண்ணன்.

"இருக்கு. நம்ம பாயில காயுது."

"அது வசவாசிடி, மடச்சி."

எனக்கு அது போதும். சாதிக்காய்க் கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்பு வலைதான் வசவாசி. தோட்டத்துக்காக அம்மா உரித்துக் காய வைப்பாள். எல்லாம் விலைக்கு வெளியே போய்விடும். எங்கள் சட்டிக்குத் தீபாவளியன்று ஓர் இதழ் வந்தால் உண்டு.

பயணம் போகிறவளுக்காக அப்பா கோழி அடித்திருந்தார். அம்மாதான் சமைத்தாள். பையைப் பூட்ட அவள் உள்ளே போனதும் பாயிலிருந்த வசவாசியைக் கைநிறைய அள்ளிக் கறியில் போட்டுக் கிண்டினேன்.

முதல் வாயிலேயே அப்பா எழுந்து போய்த் துப்பினார். "என்னா இது, மருந்து மாதிரி கசக்குது!" அண்ணன் கோழித் துண்டைத் தண்ணீரில் கழுவித் தின்றான்.

அம்மா கறியைக் கிளறினாள். சிவப்பு நூலாக வந்தது. என்னைப் பார்த்தாள்.

"எதுக்குடி போட்ட?"

"நீ சாப்பிட்டா போக முடியாது. காலு ஒட்டிக்கும்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். அப்பா முறைத்தார். அம்மா சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

"வயித்த கெடுத்துக்காத, தூரம் போறவ" என்றார் அப்பா. அவள் தட்டை வழித்தாள். நான் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் ஹோர்ன் அடித்தது. அம்மா எழுந்து கை கழுவினாள். செருப்பைப் போட்டாள். கால் நன்றாகத்தான் எழும்பியது. இப்போது ஒட்டும், இப்போது ஒட்டும் என்று பின்னாலேயே ஓடினேன். படி இறங்கினாள். வேன் கதவைச் சாத்தினார்கள்.

மிச்சக் கறியை அண்ணன் நாய்க்கு ஊற்றினான். நாய் முகர்ந்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்தது.

அம்மாவுக்கு அந்தக் கறி பிடித்திருந்தது என்றே நினைத்தேன். போனில் பேசும்போதெல்லாம், "நீ வந்தா அதே மாதிரி ஆக்கித் தாரேன்" என்பேன். அம்மா "ம்" என்பாள்.