பின்னால் கட்டிய கைகள்

சென்ற மாதம் செய்திக்காக இரத்தினபுரியில் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, வரவேற்பறைச் சுவரில் பெரியம்மாவின் படத்தைப் பார்த்தேன். நீரூற்றுகளைப் பாதுகாக்கும் வெளிநாட்டு உதவித் திட்டம் ஒன்றின் பழைய சுவரொட்டி. இளங்கன்றுகளுக்கு நடுவே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தேயிலை மலையைப் பார்வையிட வந்த தோட்டத் துரையைப் போல நடந்து வருகிறார். கீழே ‘தன்னம்பிக்கை’ என்று மூன்று மொழிகளில் போட்டிருந்தது. நான் பத்திரிகைக்காரன். படத்துக்கும் விளக்கத்துக்கும் பொருந்தாவிட்டால் கண்ணில் உறுத்தும்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கலவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஆயுளில் பெரும்பகுதியைக் கொழுந்து பறித்தே கழித்தவர். எங்கள் லயத்துக்கு, அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேலே ஓர் ஊற்று உண்டு. மாசி வந்தால் வற்றிவிடும். பெண்கள் குடத்தோடு ஆற்றுக்கு இறங்கி ஏற வேண்டும். ஊற்றைச் சுற்றிக் காட்டு மரங்களை நடுவது, அவை நன்றாக வளர்ந்தால் தொட்டி கட்டி லயத்துக்குக் குழாய் போடுவது என்பதுதான் திட்டம். மழைக்காலம் முடிந்ததும் கன்றுகளை அளப்பார்கள். வளர்ந்திருக்காவிட்டால் குழாய் கிடையாது. திட்டத்துக்கு வந்த வெளிநாட்டு அதிகாரியை லயத்தில் ‘மரத்தொரை’ என்றார்கள். பத்திரிகைக்கு வருமுன் நான் அவருக்கு மொழிபெயர்ப்பாளன். அப்போதுதான் தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த பெரியம்மா, கன்றுகளுக்குக் காவல்.

அவர் காவல் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு கன்றின் அடியிலும் காய்ந்த இலையை அணைத்து வைப்பார். ஆட்டுக்காரர்களோடு சண்டை போடுவார். காலையில் முதல் வேலையாக வரிசை முழுவதும் நடந்து ஒவ்வொன்றையும் விசாரிப்பார். ஆனாலும் கன்றுகள் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டன. நுனிகளை ஏதோ தின்றுகொண்டிருந்தது. மரத்துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மானாக இருக்கலாம் என்றார். வலை அடித்தோம். பலனில்லை. பெரியம்மா தகரத்தைத் தட்டியபடி காட்டைப் பார்த்துத் திட்டினார்: “இம்புட்டுப் பெரிய காட்டுல ஒனக்கு எம்புள்ளைங்கதானா கெடச்சுச்சு, மூதேவி!”

அளவெடுக்கச் சில வாரங்களே இருந்த ஒரு காலை, அவருக்குப் பின்னால் நான் வரிசையில் நடந்துகொண்டிருந்தேன். எனக்குப் பெண் பார்ப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார். என் சட்டையில் ஏதோ வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன்: நாங்கள் நட்டிருந்த நா மரக் கன்றின் சிவந்த தளிர். அதை உதறுவதற்குள் இன்னொன்று. முன்னால் பார்த்தேன். பேச்சு பேச்சாக இருக்க, பெரியம்மாவின் வலக்கை தானாக நீண்டது. இரண்டு விரல்கள் நுனியைக் கிள்ளின. கை தோளுக்கு மேலாகப் பின்னால் வீசியது. முதுகில் கூடை இல்லை.

நின்றேன். அளவுக்கோலோடு வந்துகொண்டிருந்த மரத்துரையிடம் கண்டதைச் சொன்னேன். அவர் பெரியம்மாவின் விரல்களைப் பார்த்தார்.

“என்ன தம்பி, என் கையப் பாக்குறாரு?”

சொன்னேன்.

“போடா கிறுக்கா,” என்று சிரித்தபடி திரும்பியவர், வந்த வழியைப் பார்த்தார். பாதை நெடுகத் தளிர்கள் சிவப்பாகக் கிடந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டார். “அநியாயமா மானத் திட்டுனேனே, தம்பி.” பிறகு துரையை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: “இது கெட்ட கைங்க, தொரை. வேற ஆளப் போட்டுருங்க.”

என்ன சொல்கிறார் என்று துரை கேட்டார். இன்னொரு மழைக்காலம் அவகாசம் கேட்கிறார் என்றேன். நான் தெரிந்தே தவறாக மொழிபெயர்த்த வாக்கியம் அது ஒன்றுதான். துரை அளவுக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினார். அன்று அவர் எழுதிய அறிக்கையில் இரண்டே வரிகள்: சேதத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது, கூடுதல் அவகாசம் வேண்டும். யாருடைய கை என்று எழுதவில்லை. அவகாசம் கிடைத்தது.

மறுநாள் காலை பெரியம்மா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தார். பக்கத்து மலையில் கொழுந்து பறித்தவர்களுக்குக் கொண்டாட்டம். “அடியே, பெரிய தொரை வர்றாரு, ஒழுங்காப் பறிங்கடி!”

“ஆமாடி, இன்னைக்கு ஒங்க எல்லாருக்கும் அரைப்பேருதான்!” என்றார், அரைநாள் சம்பளம் போடும் அதிகாரம் தன்னிடம் இருப்பதுபோல. கன்னத்தில் கொசு கடித்தாலும் மாடு மாதிரித் தலையை ஆட்டுவாரே தவிர, வரிசை முடியும்வரை கையை எடுக்கமாட்டார். சுவரொட்டிப் படம் அந்த நாட்களில் எடுத்தது.

கன்றுகள் வளர்ந்தன. குழாய் வந்தது. கிள்ளப்பட்டவை எல்லாம் முழங்கால் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து, இன்று இரட்டை மரங்களாக நிற்கின்றன.

சுவரொட்டியைப் பார்த்த வாரமே தோட்டத்துக்குப் போனேன். மாசி மாதம், லயத்துக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெரியம்மாவோடு மெதுவாக ஊற்றுக்கு ஏறினேன். மரங்கள் தொடங்கும் இடத்தில் அவர் கைகள் தாமாகவே பின்னால் போயின. சுவரொட்டியைப் பற்றிச் சொன்னேன்.

“என்னன்னு எழுதியிருக்கானுங்க?”

“தன்னம்பிக்கைன்னு.”

“கையிமேல நம்பிக்க இல்லாமத்தானேடா கட்டுனேன்!” என்று இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். உச்சியில், வெயிலில், நா மரம் சிவப்பாகத் துளிர்த்திருந்தது.

“இனி எட்டாதுல்ல, தம்பி?”

“எட்டாது, பெரியம்மா.”

அதன் பிறகுதான் கைகளை அவிழ்த்தார்.