பட்டன்மேல் இருந்த கை

படவேட்டுக்குப் பக்கத்தில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே பிறந்த எங்கள் அண்ணன், மலைமேல் உள்ள காவலூருக்கு ஏறி வந்து, எரிந்த மோட்டார்களுக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை போட்டார். அப்பா தவறியபின் என்னையும் தம்பியையும் ஆளாக்கியது அந்தக் கடைதான். இதெல்லாம் உறவினர்கள் அறிந்தது. அவர் வீட்டு மாடி அறையில் ரயில் ஓடியதைப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

மலையில் ஏது ரயில் என்பீர்கள். தாமிரக் கம்பி வாங்க ஜோலார்பேட்டை போன அண்ணன், நடைமேம்பாலத்தில் நின்று ரயில் தடம் மாறுவதைப் பார்த்திருக்கிறார். "ஒரு சாண்கூட இல்ல தண்டவாளம் நகர்றது. அம்மாம் பெரிய வண்டி சொன்ன பேச்சு கேட்டுப் போவுது" என்று வந்து சொன்னார். அந்த வியப்பு கடைசிவரை அவருக்குத் தீரவில்லை.

அறை முழுக்கப் பலகை போட்டு, பொம்மை ரயில் வாங்கி ஓட்டினார். ரயிலைத் தடம் மாற்றும் இடத்துக்குப் பாயிண்ட் என்று பெயராம். ஒவ்வொரு பாயிண்டுக்கும் அடியில் இரண்டு காயில். ஒன்று இந்தப் பக்கம் இழுக்கும், மற்றது அந்தப் பக்கம். காயிலுக்குக் கரண்ட் விடும் பட்டனைத் தொட்டவுடன் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் காயில் எரிந்துவிடும். போதாததற்கு, மலையில் கரண்ட் சவலை என்று, பலமாக இழுக்கட்டும் எனத் தடித்த கம்பியில் குறைந்த சுற்றாகச் சுற்றிவைத்தார். அவை இன்னும் சீக்கிரம் சூடேறின. பலகைக்கு அடியில் ஓடிய ஒயர்களையெல்லாம் அண்ணிதான் பூக்கட்டும் நாரால் சேர்த்துக் கட்டியிருந்தார்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பட்டனை அமுக்கும், எடுக்க வராது. முதல் நாளே ஒரு காயில் புகைந்தது. அதிலிருந்து அவர் கை பட்டனில் பட்டதும் பக்கத்தில் இருக்கும் யாராவது ஓடிப்போய்த் தூக்கிவிடுவோம். பாசத்தில்தான் செய்தோம், ஆனால் அவர் முகம் சுண்டிப்போகும்.

"நீங்க கைய எடுத்தா ஓட்டுறது நீங்க. நான் இன்னாத்துக்கு?" என்றவர், மாடிக்கு வருவதையே நிறுத்திவிட்டார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். "ரயில வுட்டுட்டாருன்னா இவரு எழுந்திரிக்கவே மாட்டாரு" என்று அண்ணி என்னிடம் அழுதார். எனக்கும் அதே பயம்தான்.

ஒரு நாள் விவசாயி ஒருவர் வாசலில் நின்று, மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றார். "கண்டன்சர் போயிருக்கும்" என்று படுத்தபடியே சொன்ன அண்ணன் சட்டென்று மாடிப் பக்கம் பார்த்தார். பிறகு, "பாய்க்கு போன் போடு" என்றார். பாய் வாணியம்பாடியில் ரேடியோ பழுதுபார்ப்பவர், அண்ணனின் பால்ய சிநேகிதர். மறுநாளே கண்டன்சர்களோடு பஸ் ஏறி வந்தார். அண்ணன் சொல்லச் சொல்ல அண்ணி அவற்றைப் பட்டன் ஒயர்களோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தார்.

கண்டன்சர் மின்சாரத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். பட்டனை அமுக்கினால் அத்தனையையும் ஒரே உதையாகக் கொடுத்துவிடும். கையை எடுத்தால்தான் மறுபடி நிரம்பும். அதுவரை காயிலுக்குப் போவது சொற்பக் கரண்ட்தான், அது சுடாது.

நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது அண்ணன் மாடிக்கு வந்தார். ரயில் புறப்பட்டது. கை பட்டனில் விழுந்தது, 'டக்' என்று பாயிண்ட் திரும்பியது. தம்பி வழக்கம்போல் ஓடினான்.

"வுடு. கெடக்கட்டும்" என்றார் அண்ணன்.

தம்பி நின்றான். நாங்களும் நின்றோம். கை அங்கேயே கிடந்தது. புகை இல்லை, வாடை இல்லை. ரயில் அவர் காட்டிய தடத்தில் கடைசிப் பெட்டிவரை போய்ச் சேர்ந்தது. பிறகு இடது கையால் வலது கையை அவரே மெல்லத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பின் தினமும் ஓட்டினார். சென்ற ஆண்டு, தூக்கத்திலேயே நோகாமல் போய்விட்டார்.

வைத்தியம் பார்த்தவர்களுக்கும், மலையேறி வந்து தோள் கொடுத்தவர்களுக்கும், பாய்க்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அண்ணிக்கும் கைகூப்புகிறோம். அன்று அந்த அறையில், ஓடிப்போய் அவர் கையைத் தூக்கிவிடாமல் சும்மா நின்ற ஒவ்வொருவருக்கும் தனியாக என் நன்றி.