எர்த் குமிழில் சந்தனம்

போன் கம்பெனிப் பயிற்சி வகுப்பில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வார்த்தை நிலைமின்சாரம். உடம்பில் சேரும் மின்னூட்டம் விரல் வழியாகப் போர்டில் பாய்ந்தால் அதற்கு மின்னிறக்கம் என்று பெயர். நமக்கு உறைக்காது, சிப்பு செத்துப்போகும். அதனால் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் ஒயரை, மின்னூட்டத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் குமிழில், மேஜையிலேயே மாட்டிக்கொண்டுதான் போன் போர்டைத் தொடவேண்டும். கயிற்றில் கட்டிய மாடு மாதிரி ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருப்போம். நான் ஒப்பந்தத்தில் இருந்தேன். தீபாவளிக்குள் பர்மனென்ட் ஆக்குவதாகச் சூப்பர்வைசர் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பி ஊரில் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. சூப்பர்வைசர் வாலாஜாபாத்துக்காரர், பக்தி அதிகம். மெஷின், மேஜை, ஸ்க்ரூ டிரைவர் என்று ஒன்று விடாமல் தன் கையாலேயே பொட்டு வைத்தார். என் மேஜையில் பளபளவென்று இருந்தது எர்த் குமிழ்தான். அதன் தலையில் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். நாங்கள் பொரியைத் தின்றுகொண்டே கைதட்டினோம்.

பூஜைச் சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை, தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம். லீவு முடிந்து வந்த நானும் அதன் மேலேயே கிளிப்பை மாட்டினேன். என் மேஜையிலிருந்து போன போர்டுகள் சோதனையில் வரிசையாகச் செத்தன. கழற்றிப் பார்த்தால், கிளிப்புக்கும் குமிழுக்கும் நடுவில் காய்ந்த சந்தனம்.

“அண்ணே, சந்தனம் அடைச்சுக்கிட்டு எர்த்தே போகல, பாருங்க.”

“இன்னா நீ, சாமிக்கு வெச்சதையே குறை சொல்லிக்கினு கீற? வேலையப் பாரும்மா” என்றார் சூப்பர்வைசர். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து நகத்தால் சுரண்டித் துடைத்தார். நான் பார்த்தேன். பாவி மனுஷன்!

தரம் பார்க்கும் அதிகாரி வந்தார். குமிழ் சரி, பட்டை சரி. அப்படியானால் மின்னூட்டம் மனித உடலில் இருந்துதான் வந்திருக்கிறது என்றார். அவர்கள் அறிவியலில் அப்படி ஒரு வகை உண்டாம்.

“சில பேருக்கு ஒடம்புலயே கரண்ட் ஜாஸ்தி சார்” என்றார் சூப்பர்வைசர், கூசாமல்.

நான் சந்தனக் கதையை முழுக்கச் சொன்னேன். அதிகாரி பளபளக்கும் குமிழைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். பர்மனென்டும் போச்சு, இருந்த வேலையும் போச்சு.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தென்காசிக்காரியை என் மேஜையில் உட்காரவைத்தார்கள். அன்று ஒரு போர்டுகூடச் சாகவில்லை. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்! ஷிப்டு முடிந்து வந்தவள் எனக்குச் சோறு போட்டாள். தட்டை நீட்டும்போது என் விரல் படாமல் நீட்டினாள்.