பயில்வானின் தோள்

வடமலைப் பயில்வான் இறந்துபோனார் என்று 1963 ஆடி மாதம் டீக்கடை ரேடியோ சொன்னபோது, மசூது குற்றாலத்தில் கடையத்துக்காரர் ஒருவரின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன வே, உறங்கிட்டீரா?" என்றார் குப்புறக் கிடந்தவர்.

பல வருசத்துக்கு முன்னால் பயில்வானுக்குத் தேய்த்த அந்த மூன்று சீசனும் மசூதுக்கு உறக்கத்தில் நடந்ததுபோலத்தான் இருந்தது. பழைய குற்றாலத்தில் சாரல் புகையாக இறங்கும் விடியற்காலையில், பயில்வான் முக்காடு போட்டுக்கொண்டு வருவார். எதிராளியைத் தலைக்கு மேல் தூக்கி வீசும் மனிதருக்கு வலது தோள் உள்ளுக்குள் கெட்டிருந்தது. வெளியே தெரிந்தால் பிழைப்பு போச்சு. மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார், மசூதும் விடவில்லை. தேய்க்கத் தேய்க்க அந்தத் தோள் மெல்ல இளகும். அருவி இரைச்சலில் பயில்வான் பச்சைப்பிள்ளை மாதிரித் தூங்கிப்போவார். மலை எங்கே முடிகிறது, மேகம் எங்கே தொடங்குகிறது, தன் கை எங்கே இருக்கிறது என்று மசூதுக்கே தெரியாது.

சாவுச்செய்தி வந்ததும் தென்காசிக்குப் பைத்தியம் பிடித்தது. பயில்வான் படம் போட்ட பழைய நோட்டீசுக்கு அடிதடி. அவர் டீ குடித்த கிளாஸ் என்று ஏழு கிளாஸ் விற்றது. மனுசர் டீயே குடிக்கமாட்டார் என்பது மசூதுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் மசூது முதன்முதலாக வாயைத் திறந்து, பயில்வானுக்கு எண்ணெய் தேய்த்தது தான்தான் என்றார்.

"கனாக் கண்டியாலே? என்ன வச்சிருக்க, காட்டு" என்று கூட்டாளிகள் சிரித்தார்கள்.

காட்ட ஒன்றுமில்லை. நாலு நாள் கேலியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே கனாதானோ? அழவேண்டும் போலிருந்தது. ஆனால் பார்த்தோமா இல்லையா என்றே தெரியாத மனிதருக்காக எப்படி அழுவது?

அப்போதுதான் ஆதித்தன் ஆள் அனுப்பினார். தென்காசியில் கூரை ஓடு விற்கும் கடை வைத்திருந்தவர். மாடியறை முழுக்கப் பயில்வான்தான்: படம், டிக்கெட், கர்லாக்கட்டை. நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், எண்ணெய்க்கறை பிடித்த ஒரு கச்சை.

"செங்கோட்டையில ஒருத்தன்கிட்ட வாங்கினேன். குற்றாலத்துல எண்ணெய் தேய்க்கையில கட்டினதாம். நாந்தான் தேச்சேன்னு நீரு சொல்லுதீராமே. இது அவரு கட்டினதுதான்னு நீரு சொன்னா, ஊரே உம்ம நம்பும்."

மசூது குனிந்து பார்த்தார். ஓரத்தில் பச்சை நூல். எண்ணெய் தேய்த்துக்கொள்ள வருகிறவர்களுக்குக் கட்டக் கொடுக்கும் கச்சைகள் எல்லாம் ஒரே பாறையில்தான் காயும். மாறிப்போகாமலிருக்க, தேய்ப்பவர்கள் அவரவர் வீட்டில் ஓர் அடையாளம் தைப்பார்கள். இது மசூதின் மனைவி ராபியா போன வருசம் தைத்தது. போன வெள்ளிக்கிழமை பாறையிலிருந்து காணாமல் போனது.

ஆமா என்று ஒரு சொல் போதும். சிரித்தவன் வாயெல்லாம் அடைபடும். நாக்கு நுனிவரை வந்தது. ஆதித்தனின் கண்கள் கலங்கியிருந்தன.

"இல்ல மொதலாளி. இது எங்க கச்சை. போற வாறவனெல்லாம் கட்டினது. பயில்வான் தொட்டதுகூட இல்ல."

ஆதித்தன் நாற்காலியில் சரிந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு போட்டோவை நீட்டினார்.

"இதையும் பாத்துச் சொல்லிரும். பயில்வான் வீட்டுக்காரங்க தந்தது, கூடப் போனப்ப எடுத்ததாம். இதுவும் பொய்யின்னா எல்லாத்தையும் கொளுத்திருதேன்."

ஈரப் பாறையில் பயில்வான் தூங்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் வெள்ளையாகச் சாரல். வலது தோளின் மேல் இரண்டு கைகள். மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது, ஆள் இல்லை. இடது கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது.

"நிசம்" என்றார் மசூது.

"எப்படி வே சொல்லுதீரு?"

மசூது தன் இடது கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆதித்தன் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். எழுந்து நின்றார்.

"அவரு செத்துட்டாரு மொதலாளி" என்றார் மசூது, அப்போதுதான் கேள்விப்பட்டவர்போல. வாய்விட்டு அழுதார்.