நாஜியாவின் பெரிய சக்கரங்கள்

பழவேற்காட்டு பஜாரில் வண்டி ஓட்டுகிற பெண் என்றால் அந்த நாளில் நாஜியா ஒருத்திதான். அதுவும் ஸ்கூட்டர் இல்லை, ஜிப்ஸி ஜீப். மிலிட்டரி ஏலத்தில் வந்து இரண்டு கை மாறிய வண்டி. மேலே அடித்திருந்த வெள்ளை பெயிண்ட் உரிந்த இடத்திலெல்லாம் பழைய பச்சை எட்டிப் பார்க்கும்.

அவள் கணவர் ஹபிபுல்லா வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருந்தார். கடையில் உட்கார்ந்து ஊரையே பேசிச் சமாளிப்பார், ஸ்டியரிங் பக்கம் மட்டும் போகமாட்டார். நண்டு, இறால் வியாபாரம் நாஜியாவுடையது. டிரைவர்கள் யாரும் நிலைக்கவில்லை என்று ஆனதும், அவளே பொன்னேரிக்குப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பஜாரில் ஆளாளுக்குப் பேசினார்கள். "பேசறவன் வாய நான் போய் மூட முடியுமா? நீ ரோட்ட பாத்து ஓட்டு, போதும்" என்று ஹபிபுல்லா சொல்லிவிட்டார். அவளுக்கும் அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குப் பிரச்சினை மணல்தான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மீனவர் குப்பத்துப் பெண்கள் நல்ல நண்டு பிடிப்பார்கள். ஆனால் தார் ரோடு குப்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே முடிந்துவிடும். பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கொதிக்கிற மணலில் நடந்து ரோட்டுக்கு வருவார்கள். வந்து சேர்வதற்குள் கால்வாசி நண்டு செத்துப்போகும். செத்த நண்டை எந்த வியாபாரியும் தொடமாட்டான்.

2006-ல், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு நாள், நாமே உள்ளே போய் ஏற்றிவந்தால் என்ன என்று நாஜியா வண்டியை மணலில் இறக்கினாள். ஒரு பனைமரத் தூரம்கூடப் போகவில்லை. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பள்ளம் பறித்துக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது. டிராக்டர் வந்து இழுத்து வெளியே போடுகிற வரை குப்பமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்றவள் பூவம்மாள். நண்டு பிடிக்கிற பெண்களில் மூத்தவள்.

"உன் டயரு சன்னமா கீது பாயம்மா. டிராக்டர பாரு, எம்மா அகலம்!" என்றாள் அவள்.

அந்தப் பேச்சு நாஜியாவின் மனசில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அந்த வாரம் பஞ்சர் போட கும்மிடிப்பூண்டிக்குப் போனவள், தாவீதின் டயர் கடையில் அந்தச் சக்கரங்களைப் பார்த்தாள். சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகளுக்கு டயர் மாட்டுவதுதான் அந்த ஹைவே ஓரத்துக் கடையின் முக்கிய வேலை. ஒரு மூலையில் நான்கு சக்கரங்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கறுப்பு பெயிண்ட் அடித்த அகலமான ரிம், அதன்மேல் கட்டை கட்டையாகப் பூ வெட்டிய தடித்த டயர்.

"இது யாருதுண்ணா?"

"பரத்துன்னு ஒருத்தரு. அவுரும் ஜிப்ஸிதான் வச்சிருந்தாரு. ரிம்ம அகலம் பண்ணி, டயர மெட்ராஸ்லர்ந்து வரவழிச்சு ஷோக்கா மாட்டினாரு. இப்ப கல்யாணம் ஆயி கார் வாங்கிட்டாரு. ஆளு கெடச்சா வித்துக் குடுன்னு போட்டுட்டுப் பூட்டாரு."

"என் வண்டிக்கு மாட்டிக் குடுங்க."

தாவீது அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணாம்மா. இது ஷோக்குக்குப் போடறது. ஸ்டேரிங் கல்லு மாதிரி ஆயிடும். பிரேக் புடிச்சா கொஞ்சம் தள்ளிப் போய்தான் நிக்கும். மீட்டர்ல காட்டறத விட வண்டி வேகமா போவும். பெட்ரோலும் குடிக்கும்."

"மணல்ல போவுமா?"

அவர் யோசித்தார். "போவும். அகலம் இருக்குதே, மணல் மேல பரந்து நிக்கும்" என்று கொஞ்சம் தயங்கியே ஒத்துக்கொண்டார்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றினார்கள். பழைய சக்கரத்தைக் கழற்றிப் புதியதன் பக்கத்தில் வைத்தபோது தாய்ப்பசுவுக்குப் பக்கத்தில் கன்று நிற்பதுபோல் இருந்தது. போல்ட் ஓட்டைகள் சரியாக உட்கார்ந்தன. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துப் பார்த்ததில் முன் டயர் மட்கார்டு விளிம்பில் தட்டியது. தாவீது விளிம்பை வெட்டி, உள்பக்கம் மடித்துத் தட்டிவிட்டார். இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தார். உரசவில்லை.

வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றதும் ஹபிபுல்லா அதைச் சுற்றி வந்தார். "இன்னா நாஜியா, வண்டிக்கு யானைக்கால் வந்தா மாதிரி கீது!" என்றார். சொல்லிவிட்டு டயரை இரண்டு தட்டுத் தட்டினார். "ஆனா ஷோக்காதான் கீது."

மறுநாள் ஐஸ் பெட்டிகளில் இறால் ஏற்றிக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினாள். ஸ்டியரிங் கனமாகத்தான் இருந்தது. ஆனால் உயரத்திலிருந்து ரோட்டைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பொன்னேரிக்குச் சற்று முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியபோது பின்னால் 'பர்ர்' என்று ஒரு சத்தம். அடுத்த பள்ளத்திலும் அதே சத்தம். அப்புறம் ரப்பர் கருகும் நாற்றம். இறங்கிப் பார்த்தாள். பின் மட்கார்டின் தகரம் டயரின் ஓரத்தைச் சீவியிருந்தது.

ஆசைப்பட்டு மாட்டிய சக்கரம் ஊரே பார்க்க இப்படி ஆகிவிட்டதே என்றிருந்தது. இறாலை ஒரு ஷேர் ஆட்டோவில் மாற்றி ரயிலடிக்கு அனுப்பிவிட்டு, காலியான வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு தாவீது கடைக்குப் போனாள். போகிற வழியில் சத்தமே வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அண்ணே, நாம காலி வண்டிலதான் பாத்தோம். சரக்கு ஏத்தினா பின்னாடி உக்காந்துடுது. அதான் தேய்க்குது."

தாவீது தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆமாம்மா! நான் முன்னாடி டயரயே பாத்துக்கினு இருந்தேன், பின்னாடிய உட்டுட்டேன். பரத் சாரு எங்க லோடு ஏத்தினாரு? தனியா சுத்திக்கினு இருந்தவரு."

இந்தத் தடவை தாவீது அவசரப்படவில்லை. ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். ஸ்பிரிங்கைத் தாங்குகிற இரும்புத் துண்டுகளைக் கொஞ்சம் நீளமாக அடித்து மாட்டி, வண்டியையே தூக்கி நிறுத்தினார். பின் மட்கார்டையும் வெட்டினார். "இப்ப லோடு போட்டுப் பாப்போம்ணா" என்றாள் நாஜியா. கடையில் கிடந்த லாரி டயர்களை வண்டிக்குள் அடுக்கினார்கள். தாவீது அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ள, நாஜியா ஓட்டினாள். சிப்காட் ரோட்டில் எத்தனை பள்ளம் உண்டோ அத்தனையிலும் வேண்டுமென்றே இறக்கினாள். பின்னாலிருந்து தாவீதின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "ஐயோ... தேய்க்கலமா... ஐயோ... இப்பவும் தேய்க்கல!"

இறங்கியபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வண்டி தேறிடுச்சு. நான்தான் பேஜாராயிட்டேன்."

பிரேக்குக்கு அவள் காலைப் பழக்கிக்கொண்டாள். முன்னே போகிற லாரிக்கும் தனக்கும் நடுவில் முன்பைவிட அதிக இடம் விட்டாள். வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். கனமான ஸ்டியரிங்கால் வந்த தோள்பட்டை வலியும் சில நாளில் போனது. அப்புறம் ஒரு காலையில் குப்பத்துக்குக் கிளம்பினாள்.

தார் ரோடு முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிஸ்மி சொல்லி கியர் போட்டாள். வண்டி போனது. முன்பு புதைந்த இடத்தைத் தாண்டியும் போனது. மனசு லேசாகி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், குப்பம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், மணல் மாவு மாதிரி மிருதுவாக இருந்த ஒரு மேட்டில் வண்டி திணறி நின்றது.

குப்பத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். பூவம்மாள் குனிந்து பார்த்தாள். "டிராக்டரு கூப்பிடட்டுமா பாயம்மா?"

"இருங்க" என்றாள் நாஜியா. இறங்கி சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அச்சு வரை புதையவில்லை. பாதிகூட இல்லை. சக்கரம் கிண்ணென்று காற்று அடைத்து உருண்டையாக நின்றது. பஞ்சராகி வரும் வண்டிகள் அவள் நினைவுக்கு வந்தன. காற்றுப் போன டயர் சப்பையாகி, தரையில் எவ்வளவு அகலமாகப் பரந்து கிடக்கும்! அகலம்தானே வேண்டும்?

ஒரு குச்சியால் வால்வை அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. "ஐய, இருக்கற காத்தயும் உட்றாங்களே!" என்று ஒருத்தி பதறினாள். நான்கு சக்கரமும் தொப்பை விழுந்ததுபோல் ஆன பிறகு நிறுத்தினாள். ஏறி உட்கார்ந்து கிளட்சை மெல்ல விட்டாள். வண்டி ஒரு முறை குலுங்கியது. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மேட்டில் ஏறி, குப்பத்துக்குள் போய் நின்றது.

அன்றைக்கு நண்டுகள் தண்ணீரிலிருந்து எடுத்த கையோடு, கொடுக்கு கட்டி, ஈரச் சாக்குக்குள் நேராக வண்டியில் ஏறின. ஒன்றுகூடச் சாகவில்லை. திரும்பி வந்து தார் ரோட்டில் ஏறியதும் காற்று அடிக்க வேண்டுமே! கையில் இருந்ததோ சைக்கிள் பம்ப். கூட வந்திருந்த பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முறை வைத்து அடித்தார்கள். அடித்துக்கொண்டே அந்த டயரைத் திட்டிய திட்டுக்கு நாஜியா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. அடுத்த தடவை தாவீது லாரிக்கு அடிக்கிற கால் பம்ப் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

அதன்பின் வாரத்தில் பாதி நாள் ஜிப்ஸி குப்பத்துக்குள் போய் வந்தது. மழைக்காலத்தில் மட்டும், ஏரி பெருகும்போது, ரோட்டோரம் நின்றது. பெண்களின் தலைச்சுமை குறைந்தது. நண்டு உயிரோடு போனதால் சென்னை வியாபாரியிடம் நாஜியாவால் தலை நிமிர்ந்து விலை பேச முடிந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒருநாள் பூவம்மாள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வண்டியருகில் வந்து நின்றாள்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"உன்கூடத்தான். எங்க நண்டு எங்க போவுது, எவன் வாங்கறான்னு நாங்களும் பாக்கணும்ல? இன்னிக்கு வெலய நான் பேசறேன்."

நாஜியா முன் கதவைத் திறந்துவிட்டாள். வண்டி உயரமாகிவிட்டிருந்ததால் பூவம்மாளுக்குக் கால் எட்டவில்லை. பெண்கள் ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார்கள். அவள் அதன்மேல் ஏறி உள்ளே உட்கார்ந்து, வழியெல்லாம் பார்க்க வேண்டுமென்று ஜன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கச் சொன்னாள்.