காலிக் கட்டத்தை நிரப்பியவன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் நகர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. புத்தி வர வேண்டிய வயதைத் தாண்டியிருந்தேன் என்பதைச் சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

எங்கள் நகர் முழுக்க மாதச் சம்பளக்காரர்கள். பின்னால் ஏரிக்கரை ஓரமாக, நாங்கள் மனை வாங்க வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் பழைய ஊர். நடுவில் ஒரு தெரு அகலம்தான். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளையும் அந்தப் பக்கத்துப் பிள்ளையும் சேர்ந்து விளையாடி யாரும் பார்த்ததில்லை. ஊர் மகளிர் குழுவும் எங்கள் சங்கமும் கைகோத்து, நடக்கவும் பேசவும் கற்ற வாண்டுகளுக்காக இலவசமாக ஒரு பாலர் பள்ளி தொடங்கினார்கள். மொத்தம் முப்பத்தோரு பிள்ளைகள்.

“எந்தப் பக்கத்துப் பிள்ளைன்னு தெரியக்கூடாது. எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கன்னு பார்த்ததுமே தெரியணும்” என்றார் சங்கத் தலைவர். அந்த வேலை என்னிடம் வந்தது. நான் நிறையப் படித்தவன் என்று நகரில் ஒரு வதந்தி உண்டு. கிளப்பியவன் நான்தான்.

சமத்துவத்தைப் பற்றி மட்டுமே என் அலமாரியில் இரண்டு தட்டு புத்தகங்கள். அத்தனையும் படித்த மூளையில் உதித்தது ஐடி கார்டு. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனிக்கு இருபது வருடமாகக் கழுத்தில் பட்டையோடு போய்வருகிறவனுக்கு வேறென்ன உதிக்கும்? எல்லோருக்கும் ஒரே பச்சைப் பட்டை, ஒரே மரச் சின்னம். அட்டையில் போட்டோ, பெயர், தந்தை பெயர், தந்தையின் வேலை, ரத்த வகை.

“நாலு வயசுக் குழந்தைக்கு பிளட் குரூப் எதுக்குங்க? உங்க ஆபீஸ் கேட்ல நிறுத்திடுவாங்களா?” என்றாள் மனைவி. அவளுக்கு டிசைன் தெரியாது என்று விட்டுவிட்டேன்.

பள்ளி டீச்சர் பெற்றோரிடமிருந்து படிவங்களை வாங்கிக் கொடுத்தார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அச்சடிப்பவர் போன் செய்தார். “காலியா விட்டா கீழ் லைன் மேல ஏறிடும் சார். ஏதாச்சும் போட்டுக் குடுங்க.” காலியாக இருந்தவை பெரும்பாலும் ரத்த வகைக் கட்டங்கள்தான். எது எந்தக் கட்டம் என்றுகூடப் பார்க்காமல், எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்று ஒட்டிக்கொண்டே போனேன். வரிகள் அழகாக நேர்கோட்டில் நின்றன. அன்று நன்றாகத் தூங்கினேன்.

வகுப்புகள் முன்பே ஆரம்பித்திருந்தன; அட்டைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்த மூன்றாம் நாள் முறைப்படி தொடக்க விழா. மைக் என் கையில். அப்படி இருக்கும்போது நான் இன்னும் கொஞ்சம் புத்திசாலியாகத் தெரிவதாக எனக்கு ஓர் எண்ணம். முன் வரிசையில் ஏரிக்கரைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி. அவள் அட்டையில் இரண்டு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள், ஒன்றின்கீழ் ஒன்றாக. விடுவேனா?

“ஐடி கார்டுக்கே பொட்டு வெச்ச முதல் ஸ்டூடண்ட் நம்ம பள்ளிக்கூடத்துலதான் இருக்காங்க! உள்ள என்ன ரகசியம்னு பாப்பமா?”

கூட்டம் சிரித்தது. குனிந்து, மேல் பொட்டை நகத்தால் உரித்தேன். “தந்தை பெயர்...” என்று மைக்கிலேயே வாசித்து, அடுத்த சொல்லில் நின்றேன். கீழ்ப் பொட்டுக்கு அடியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அடித்த அதே ‘இல்லை’தானே.

நின்றுபோன இடத்தை ஊரே நிரப்பிக்கொண்டது. சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. பின்னாலிருந்து அவளுடைய அம்மா எழுந்து வந்தார். காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் கூட்டிப் பெருக்கும் வேலை அவருக்கு. கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

“அத்த ஒட்டிக் குடுத்துருங்க சார்” என்றார், மெல்ல.

ஒட்டிப் பார்த்தேன். பசை போயிருந்தது. பொட்டு என் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

திங்கள், செவ்வாய், புதன், அந்தச் சிறுமி வரவில்லை. அம்மா ஹாஸ்டலுக்கே உடன் கூட்டிப்போய் மாடிப்படியில் உட்கார வைக்கிறாராம். பள்ளியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பில் மூன்று உவமைகள் இருந்தன. வாசலில் ஒன்றும் வரவில்லை. “தப்புப் பண்ணிட்டேம்மா. பாப்பாவ அனுப்புங்க” என்று மட்டும் சொன்னேன்.

“அட்டைய கய்ட்ட சொன்னா அழுவுது சார். தூங்கும்போதுகூட மாட்டிகினு கீது. எனுக்குப் படிக்க வரும், பத்தாவது வரிக்கும் போயிருக்கேன். அதான் பொட்டு வெச்சு மூடுனேன். அந்தாளு வுட்டுட்டுப் போய்ட்டான், சரி. நான் இன்னா செத்தா போய்ட்டேன்? எம் பேர ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?”

என் படிவத்தில் அம்மா பெயருக்கு இடமே இல்லை. இரண்டு தட்டு புத்தகம் படித்தும் அது தோன்றவில்லை. அங்கேயே, முதல் தடவையாக, அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

புது அட்டையில் பிள்ளையின் பெயர், அம்மாவின் பெயர், அவ்வளவுதான். எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா இருக்கிறார்களா என்று இந்தத் தடவை முதலில் விசாரித்துக்கொண்டேன். திங்கட்கிழமை அந்தச் சிறுமி புது அட்டையோடு வகுப்பில் இருந்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த மாதப் பெற்றோர் கூட்டத்தில் தலைவர் எழுந்து, “அப்பா பேரை எடுத்துட்டு அம்மா பேரைப் போடணும்னு யோசிச்சாரே, சாருக்கு எப்பேர்ப்பட்ட மனசு!” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அது யாருடைய யோசனை என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் போதும். நான் எழுந்து, எல்லாப் பக்கமும் திரும்பி, கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

என் அசட்டுத்தனங்கள் எல்லாவற்றையும் வேடிக்கைக் கதையாக மாற்றிச் சொல்லியே காலம் தள்ளியவன் நான்; ஆனால் அன்று கடைசி வரிசையில் அந்தச் சிறுமியின் அம்மாவும் எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்ததை மட்டும், இன்றுவரை யாரிடமும் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை.