எச்சில் படாத டம்ளர்

எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். சின்ன வயதில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது ஒருமுறை வாய் வைத்துவிட்டேன். அம்மா அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்த பிறகுதான் அடுக்களைக்குள் விட்டாள். இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. வெளியே போய்விட்டு யார் வந்தாலும், செருப்பைக் கழற்றுவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிவிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் சரி, பட்டாளத்திலிருந்து அப்பா லீவில் வந்தாலும் சரி, முதலில் தண்ணீர், பிறகுதான் பேச்சு.

பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டிய அம்மாவின் கைகள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடக்குவாதத்தில் முடங்கிப்போயின. விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன, தோளும் உயரவில்லை. நடப்பாள், உட்காருவாள், ஒரு டம்ளரைத் தூக்க மட்டும் முடியாது. அப்பா வடக்கே எங்கோ எல்லையில் இருந்தார். நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து சோறு ஊட்டி, தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போவார். மற்ற நேரத்தில் நாக்கு வறண்டாலும் அம்மா அவரைக் கூப்பிட மாட்டாள். "அவியளுக்கு ஆயிரம் சோலி இருக்கும்" என்பாள்.

தண்ணீர் குடிக்காமலேயே கிடந்து காய்ச்சல் வந்தது. இப்படியே போனால் கிட்னி கெட்டுவிடும் என்றார் டாக்டர். ஸ்ட்ரா போட்டு வைத்துப் பார்த்தேன். "ஆஸ்பத்திரியில உறிஞ்சுனது போதும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்று, நான் வேலையை விட வேண்டும். இல்லையென்றால் அம்மா தனியாகத் தண்ணீர் குடிக்க வழி செய்ய வேண்டும். வேலையை விட எனக்கு மனதில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஒரு சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் நூலகத்தில் ரோபோக்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. ஏதோ ஒரு தொழிற்சாலையில் இரும்புக் கை ஒன்று கார்க் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தது. கார்க் கதவைத் தூக்குகிற கை ஒரு டம்ளரைத் தூக்காதா என்று நினைத்தேன். நான் படித்தது காமர்ஸ். அதுவரை ஒரு மோட்டாரைத் தொட்டதுகூட இல்லை.

முதலில் வீட்டில் ஓடாமல் கிடந்த டேப் ரெக்கார்டரைப் பிரித்தேன். அதன் மோட்டாரில் பேட்டரியின் வயர்களை வைத்தேன், சுற்றியது. வயர்களை மாற்றி வைத்தேன், எதிர்ப்பக்கம் சுற்றியது. யாரும் சொல்லித்தராமல் நானே கண்டுபிடித்த முதல் விஷயம் அதுதான். அன்றைக்குச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை. ஆனால் அந்த மோட்டாரால் ஒரு ஸ்பூனைக்கூடத் தூக்க முடியவில்லை. பழைய இரும்புக் கடைக்குப் போய், கார் வைப்பரின் மோட்டார் இரண்டு கேட்டேன்.

"வீட்டுல ஆம்பளையாளு யாரும் இல்லையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இருக்காவ. அவியளுக்கு மோட்டாரப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன். மோட்டார் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

மில்லிலிருந்து கழித்துப்போட்ட பல்சக்கரங்களும் அங்கேயே கிடைத்தன. சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும், பலம் கூடும். இதைப் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை. என் இரும்புக் கை முதல்நாள் விசிறியடித்துச் சுவரிலிருந்த காலண்டரைக் கிழித்தபோது புரிந்தது.

"ஏட்டி, இது எனக்குத் தண்ணி குடுக்குமா, என்னைய அடிக்குமா?" என்றாள் அம்மா.

மரப்பலகையில் காலிங் பெல் சுவிட்ச் இரண்டைப் பதித்துக் காலடியில் வைத்தேன். வலது காலால் அமுக்கினால் கை வரும், இடது காலால் அமுக்கினால் திரும்பிப் போகும். அதெல்லாம் ஒழுங்காக நடந்தது. தண்ணீர்தான் சொன்னபடி கேட்கவில்லை. டம்ளர் அம்மாவின் முகத்துக்கு மேலே போய், மெல்லச் சாய்ந்து, வாய்க்குள் நூல் மாதிரி ஊற்ற வேண்டும். அது மூக்கில் ஊற்றியது, கன்னத்தில் ஊற்றியது, சேலையெல்லாம் நனைத்தது. மூன்று மாதம் சக்கரத்தை மாற்றினேன், கம்பியை வளைத்தேன். கோபமெல்லாம் அம்மா மேல் திரும்பியது.

"அண்ணாந்து உக்காரும்மா! செத்த நேரம் அசையாம இருக்க முடியாதா?"

"இருக்கேன்த்தா" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் புரையேறி அம்மாவுக்கு மூச்சே நின்றதுபோல் ஆகிவிட்டது. முதுகைத் தடவி, இருமல் அடங்கியதும் நானே டம்ளரை எடுத்து வழக்கம்போல் ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அப்போதுதான் என் இடது கையைப் பார்த்தேன். அது அம்மாவின் பிடரியைத் தாங்கித் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்திருந்தது. தினமும் அப்படித்தான் பிடித்திருக்கிறேன், கவனித்ததே இல்லை. நான் செய்த இயந்திரத்தில் இருந்தது என் வலது கை மட்டும்தான்.

மெல்லக் கையை எடுத்தேன். "இப்ப அண்ணாந்து பாரும்மா."

தலை அசையவில்லை. கழுத்தும் இறுகிப்போயிருந்தது.

"எப்ப இருந்தும்மா?"

"தீவாளிக்கு முன்னாடி இருந்தே. நீ இதச் செய்ய ஆரம்பிச்சப்பவே."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அம்புட்டு ஆசையா செஞ்சிக்கிட்டு இருந்த. அதான்."

அவள் மடியில் முகத்தை வைத்து அழுதேன். வலிக்கிற கழுத்தை எனக்காக வளைக்கப் பார்த்தவளைத்தான் மூன்று மாதம் திட்டியிருக்கிறேன். பிடரியைத் தாங்க இன்னொரு கை செய்கிறேன் என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம். இந்தக் கைய கீழ எறக்கு. வாய் வச்சே குடிச்சிக்கிடுதேன்" என்றாள் அம்மா. பிறகு, "அந்த டம்ளரத் தனியா வச்சிரு, எச்சி டம்ளர்" என்றும் சொன்னாள்.

புத்தகத்தில் கை செய்தவர்களுக்கு இந்த அண்ணாந்து குடிக்கிற தொல்லையே வந்திருக்காது. உதட்டுக்கு நேராகக் கையை இறக்க எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் டம்ளரை நிரப்பி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அன்றைக்கு டைப் அடித்ததெல்லாம் தப்பு.

சாயங்காலம் ஓடிவந்து பார்த்தால் டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே இருந்தது.

"குடிக்கலையாம்மா?"

"காலையில ஒண்ணு, மத்தியானம் அக்கா நெரப்பி வச்சது ஒண்ணு, ரெண்டு டம்ளர் குடிச்சாச்சு. இது இப்பத்தான் பக்கத்து வீட்டு அக்காவக் கூப்பிட்டு ஊத்தச் சொன்னேன். வெளிய போயிட்டு வந்திருக்க, உக்காரு" என்று தன் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

தனக்காக ஒருநாளும் அந்த அக்காவைக் கூப்பிடாதவள். நான் உட்கார்ந்தேன். அம்மா எதிரே நின்று, வலது காலைச் சுவிட்சின் மேல் வைத்தாள்.

"காலால குடுக்கேன்னு கோவிச்சிக்கிடாதத்தா" என்று சொல்லி அமுக்கினாள்.

கை மெல்ல என்னிடம் வந்தது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளரில் வாய் வைத்துக் குடித்தேன்.